பழைய ஜீப்பைக் கழற்றும் முன் நாலு பேரைக் கேளுங்கள்

மலையடிவாரக் கிராமங்களில் மாட்டுக் கொட்டகையின் ஒரு மூலையில் பழைய ஜீப் ஒன்று நிற்பதைப் பல இடங்களில் பார்க்கிறோம். அதன் மேல் வைக்கோல் கிடக்கும், கோழி அடை காக்கும். டயர் மண்ணோடு ஒட்டிப் போயிருக்கும். காயலான் கடைக்காரர் வருஷத்துக்கு ஒரு முறை வந்து எடைக்கு விலை கேட்டுவிட்டுப் போவார். கொடுக்கவும் மனம் வராது, வைத்துக் கொள்ளவும் வழி தெரியாது.

கீழ்ப்பழனி மலையில் எங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று நின்றது. 1962-ஆம் ஆண்டு வண்டி. தகப்பனார் அதைப் பழையதாக வாங்கி, மலைவாழைத் தார்களையும் காப்பி மூட்டைகளையும் வத்தலக்குண்டுக்கு இறக்கினார். முடிக்கொத்து நோயில் மலைவாழை போயிற்று. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் காப்பி விலை சரிந்தபோது வண்டியும் நின்றது. தகப்பனார் காலமான பின், "இரும்புக்குப் போட்டு விடலாம் தம்பி, இடமாவது மிஞ்சும்" என்று அண்ணன் சொன்னார். ஒரு வருஷம் தவணை கேட்டேன். பழைய ஜீப்புகளைச் சீர்திருத்தி ஓட்டும் அன்பர் குழுவில் நான் போய்ச் சேர்ந்தது அந்தத் தவணைக் காலத்தில்தான். அங்கே கற்றுக் கொண்டவற்றில் உழவர்களுக்குப் பயன்படக் கூடியவற்றை இங்கே சொல்கிறேன்.

போர்க்களத்திலிருந்து வயலுக்கு

ஜீப் பணக்காரர் பொழுதுபோக்குக்காகப் பிறந்த வண்டி அல்ல. இரண்டாம் உலகப் போருக்காக 1941 முதல் அமெரிக்காவில் வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரு கம்பெனிகளும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தன. போர் முடிந்த 1945-இல் வில்லிஸ் கம்பெனி பொதுமக்களுக்கென விட்ட முதல் ஜீப்பை உழவர்களைக் குறிவைத்துத்தான் விற்றது. கலப்பை இழுக்கலாம், பின்புறச் சுழல் தண்டில் பட்டை மாட்டிக் கதிரடிக்கும் இயந்திரமும் ஓட்டலாம் என்று விளம்பரம் செய்தார்கள்.

இங்கிலாந்தின் லேண்ட் ரோவர் வண்டியின் கதையும் இதுதான். மாரிஸ் வில்க்ஸ் என்ற ரோவர் கம்பெனிப் பொறியாளர் வேல்ஸ் நாட்டில் தமது பண்ணையில் போரில் கழித்த ஜீப் ஒன்றை வைத்திருந்தார். அதைப் பார்த்துத்தான் 1948-இல் லேண்ட் ரோவர் பிறந்தது. அப்போது இரும்புத் தகட்டுக்குத் தட்டுப்பாடு இருந்ததால் உடலை அலுமினியத்தில் செய்தார்கள். அவற்றில் பல துருப்பிடித்து அழியாமல் இன்றும் ஓடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

நம் நாட்டில் மகிந்திரா கம்பெனி 1947-இல் வில்லிஸ் ஜீப்பை உதிரிகளாகத் தருவித்துப் பூட்டத் தொடங்கி, பிறகு இங்கேயே செய்தது. நம் மலைகளில் அதிகம் காணப்படும் உயர்ந்த மூக்குள்ள ஜீப், 1953-இல் வந்த சி.ஜே. 3பி வகையைச் சேர்ந்தது. அமெரிக்காவில் 1968-இல் நிறுத்தப்பட்ட பிறகும் அதன் வழிவந்த வண்டிகளை இங்கே நெடுங்காலம் செய்து வந்தார்கள். எனவே அறுபது வருஷ ஜீப்புக்கும் பல உதிரிகள் இன்று கிடைக்கின்றன. இந்தச் சலுகை வேறு எந்தப் பழைய வண்டிக்கும் இவ்வளவு இல்லை.

மூன்று ஸ்டட்டு முறிந்த கதை

குழுவில் சேரும் முன் நான் செய்த தவறு இது. டயரைக் கழற்றி வண்டியைக் கட்டை மேல் ஏற்றப் பட்டறையிலிருந்து ஓர் இளைஞரை அழைத்து வந்தேன். வலப்பக்கச் சக்கரங்கள் இரண்டும் எளிதாகக் கழன்றன. இடப்பக்கம் மசியவில்லை. துரு என்று நினைத்து மண்ணெண்ணெய் விட்டோம். ஸ்பானரில் நாலடி குழாயைச் சொருகி இரண்டு பேர் தொங்கினோம். மூன்று ஸ்டட்டுகள் அடியோடு முறிந்தன.

பிறகு, குழுவின் மூத்த மெக்கானிக் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "சார், இடப்பக்க நட்டு முனையில எழுத்து ஏதாச்சும் இருந்துதா பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்டார். வீட்டுக்கு வந்து துருவைச் சுரண்டிப் பார்த்தேன். ஸ்டட்டின் தலையில் 'எல்' என்ற ஆங்கில எழுத்து இருந்தது. பழைய வில்லிஸ் வகை ஜீப்புகள் பலவற்றில் இடப்பக்கச் சக்கரங்களுக்கு இடம்புரி மரை. ஓடும்போது நட்டு தளராமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. அவற்றைக் கழற்றக் கடிகார முள் சுற்றும் திசையில் திருக வேண்டும். நாங்கள் இரண்டு பேரும் தொங்கித் தொங்கி நட்டை இறுக்கியிருக்கிறோம்!

ஒரு வரியில் சொல்லி முடிகிற செய்தி. அது தெரியாததால் மூன்று ஸ்டட்டும் ஒரு நாள் கூலியும் வீண். கழற்றுவது யார் வேண்டுமானாலும் செய்யலாம். கழற்றும் முன் கேட்பதற்குத்தான் ஆள் வேண்டியிருக்கிறது.

குழுவில் சேர்வது எப்படி?

இத்தகைய குழுக்களுக்குப் பெயர்ப் பலகையோ கட்டிடமோ பெரும்பாலும் இராது. எங்கள் குழு மாதம் ஒரு ஞாயிறு காலையில் யாராவது ஒருவர் தோப்பில் கூடும். தோட்டக்காரர், ஓய்வு பெற்ற ராணுவத்தார், லேத் பட்டறைக்காரர், கல்லூரி மாணவர் எல்லாரும் வருவார்கள். அந்த வட்டாரத்தில் நன்றாக ஓடும் பழைய ஜீப் எது என்று விசாரித்து அதன் சொந்தக்காரரைப் பார்த்தால் வழி கிடைத்து விடும். பழைய மெக்கானிக்குகளையும் கேட்கலாம்.

முதல் நாள் வெறுங்கையோடு போகாதீர்கள். சேஸிஸ் நம்பர், எஞ்சின் நம்பர் இரண்டையும் துருவைத் துடைத்துக் குறித்துக் கொள்ளுங்கள். வண்டியின் நான்கு பக்கமும், அடிப்பாகமும், எஞ்சின் அறையும் தெரியப் படம் எடுத்துக் கொள்ளுங்கள். 'வண்டி ஓடவில்லை, என்ன செய்யலாம்?' என்று கேட்டால் பதில் வராது. 'பயிர் சரியில்லை' என்று சொல்லிவிட்டு இலையைக் காட்டாமல் நிற்கும் உழவருக்கு நாங்கள் என்ன சொல்வோம்? அதே கதைதான். எந்தப் பாகம், எத்தனை நாளாக நிற்கிறது, இதுவரை என்ன செய்து பார்த்தீர்கள் என்று சொல்லிக் கேட்க வேண்டும்.

கேட்டதைச் செய்து பார்த்தபின் முடிவை அடுத்த முறை வந்து சொல்ல வேண்டும். பலிக்கவில்லையென்றாலும் சொல்ல வேண்டும். இதை அவர்கள் மிகவும் எதிர்பார்க்கிறார்கள். முப்பது வருஷம் உழவர் விவாதக் குழுக்களில் பிறருக்குச் சொல்லிக் கொடுத்தவன், இங்கே கடைசி வரிசையில் உட்கார்ந்து குறிப்பு எழுதினேன். நாங்கள் நடத்திய கூட்டங்களில் யோசனை சொன்னோமே தவிர, அது பலிக்காதபோது உழவர் திரும்பி வந்து தயங்காமல் சொல்லும்படி நடந்து கொண்டோமா என்று எண்ணிப் பார்த்தேன்.

எச்சரிக்கையும் ஒன்று உண்டு. குழுவில் சேர்பவர்களில் சிலர் வண்டி வாங்கி விற்கும் தரகர்கள். "இதில் ஒன்றுமில்லை, எடைக்குத்தான் போகும்" என்று முதலில் சொல்பவரே மறு வாரம் விலை பேச வருவார். பத்திரங்கள் சரியாக உள்ள, மூல எஞ்சினோடு நிற்கும் ஜீப்பைப் பழைய இரும்பு விலைக்குக் கொடுக்க வேண்டியதில்லை. எங்கள் பக்கத்துக் காட்டுக்காரர் ஒருவர் மகள் கல்யாணச் செலவுக்கு அப்படிக் கொடுத்துவிட்டார். ஆறு மாதத்தில் அதே வண்டி பச்சைப் பெயிண்ட் அடித்து மலைப்பாதையில் ஏறியதைப் பார்த்து நின்றார். விற்பதானாலும் நாலு பேரிடம் காட்டிவிட்டு விற்கலாம்.

நின்ற எஞ்சினை இழுத்துக் கிளப்பாதீர்கள்

பல வருஷம் நின்ற ஜீப்பை டிராக்டரில் கயிறு கட்டி, கியரில் போட்டு இழுத்துக் கிளப்புவது நம் ஊர் வழக்கம். இதைவிடக் கெடுதல் வேறில்லை. பிஸ்டன் வளையங்கள் சிலிண்டரோடு துருவில் ஒட்டியிருக்கும். வால்வுகளும் ஒட்டியிருக்கும். வேகமாக இழுத்தால் வளையம் உடையும், வால்வு வளையும், சிலிண்டரில் கீறல் விழும். நூறு ரூபாயில் முடிய வேண்டியது எஞ்சின் வேலையாகிவிடும்.

பெட்ரோல் எஞ்சினாக இருந்தால் முதலில் பிளக்குகளைக் கழற்றுங்கள். டீசலும் எஞ்சின் ஆயிலும் சம அளவில் கலந்து ஒவ்வொரு சிலிண்டரிலும் அரைக் குவளை ஊற்றி ஒரு வாரம் விட்டுவிடுங்கள். பழைய ஆயிலை வடித்துப் புதியது ஊற்றுங்கள். பிறகு கியரை நடுநிலையில் வைத்து, முன்பக்கக் கைப்பிடியை மாட்டி, இப்படியும் அப்படியுமாக மெதுவாக அசையுங்கள். அசையாவிட்டால் பலம் காட்டாமல் மீண்டும் ஊற்றி இன்னொரு வாரம் பொறுங்கள். எங்கள் வண்டிக்கு மூன்று வாரம் ஆயிற்று. சுற்றத் தொடங்கியதும் பிளக் துளைகளைத் துணியால் மூடிக் கொள்ளுங்கள். உள்ளே நிற்கும் எண்ணெய் முகத்தில் பீய்ச்சியடிக்கும்.

கிளம்பும் முன் நிற்க வேண்டும்

எஞ்சின் ஓடிய சந்தோஷத்தில் அன்றே வண்டியை ரோட்டுக்கு எடுக்காதீர்கள். பிரேக்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பழைய ஜீப்பில் நான்கு சக்கரங்களுக்கும் சேர்த்து ஒரே பிரேக் சுற்றுதான். எங்காவது ஒரு குழாயில் கசிந்தால் நான்கு பிரேக்கும் ஒன்றாகப் போய்விடும். மலைப்பாதையில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை இழுக்கும் தன்மையுள்ளது. எனவே நின்ற வண்டியின் மாஸ்டர் சிலிண்டரும் வீல் சிலிண்டர்களும் உள்ளே துருப்பிடித்திருக்கும். அவற்றையும் ரப்பர் குழாய்களையும் புதிதாக மாற்றிவிடுவதே நல்லது. இதில் சிக்கனம் பார்க்கலாகாது.

ஜீப்பில் பெட்ரோல் டேங்க் இருக்கைக்கு அடியிலேயே இருக்கிறது. ஓட்டை விழுந்த டேங்க்கை வெல்டிங் வைக்கச் சொல்லாதீர்கள். வருஷக்கணக்கில் காலியாக இருந்த டேங்க்கிலும் ஆவி தங்கியிருந்து வெடிக்கும். மாற்று டேங்க் வாங்கிவிடுங்கள். இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. நம் கரும்பும் மக்காச்சோளமும் பெட்ரோல் பங்க் வரை போய்விட்டன என்பதில் மகிழ்ச்சிதான். ஆனால் பழைய ரப்பர் குழாய்களும் பெட்ரோல் பம்ப்பின் சவ்வும் அதில் ஊறிக் கெட்டுவிடும். எத்தனால் தாங்கும் குழாய் என்று கேட்டு வாங்குங்கள்.

கியர் பாக்ஸுக்கு 'ஜி.எல். 4' ஆயில்தான் ஏற்றது. 'ஜி.எல். 5' அதைவிட உயர்ந்தது என்று கடையில் சொல்வார்கள். அதிலுள்ள கந்தகச் சேர்மங்கள் பழைய கியர் பாக்ஸின் பித்தளை வளையங்களைத் தின்றுவிடக் கூடும்.

டயர் விஷயத்தில் உழவர்கள் பலர் ஏமாறுகிறார்கள். ஜீப்பின் 6.00-16 அளவும், பல டிராக்டர்களின் முன் டயர் அளவும் ஒன்றே. அளவு ஒன்று என்பதற்காக டிராக்டர் டயரை ஜீப்பில் மாட்டக் கூடாது. அது உழவு வேகத்துக்குச் செய்தது. ரோட்டு வேகத்தில் சூடேறி வெடிக்கும். அதே போல, நான்கு சக்கர இழுவையைச் சேற்றிலும் மணலிலும் மட்டுமே போடுங்கள். காய்ந்த தார் ரோட்டில் போட்டு வளைத்தால் பல் சக்கரங்கள் ஒன்றையொன்று முறுக்கித் தேய்ந்து போகும்.

வண்டியை மாட்டுக் கொட்டகையில் நிறுத்துவதை முதலில் மாற்றுங்கள். மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா ஆவி மின்கம்பிகளின் செம்பு முனைகளை அரிக்கிறது. உர மூட்டை ஏற்றிய வண்டியானால் தரைத் தகட்டைத் தூக்கிப் பாருங்கள். சிந்திய பொட்டாஷ் ஈரத்தோடு சேர்ந்து இரும்பைச் சல்லடையாக்கியிருக்கும். எங்கள் வண்டியின் பின்பக்கச் சட்டத்தில் என் கைவிரல் உள்ளே போயிற்று.

பத்திரங்களைப் பார்த்த பின்பே பணத்தை இறக்குங்கள்

ஆர்.சி. புத்தகத்தில் உள்ள நம்பர்களும் வண்டியில் உள்ள நம்பர்களும் ஒத்திருக்க வேண்டும். பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு டீசல் எஞ்சின் மாட்டிய ஜீப்புகள் நம் பக்கம் ஏராளம். அந்த மாற்றம் ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். தகப்பனார் பெயரில் இருந்தால் வாரிசுச் சான்றிதழோடு பெயர் மாற்றம் செய்துகொள்ள வேண்டும்.

சொந்த உபயோக வண்டிக்குப் பதினைந்து ஆண்டுக்குப் பின் ஐந்தாண்டுக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். ஐம்பது ஆண்டைத் தாண்டிய வண்டிகளைப் 'பழம்பெரும் வாகனம்' என்று தனியாகப் பதிவு செய்ய 2021-இல் மத்திய அரசு விதி கொண்டு வந்தது. இதில் உழவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அப்படிப் பதிந்த வண்டியை அன்றாட ஓட்டத்துக்கோ வாடகைக்கோ பயன்படுத்தக் கூடாது. கண்காட்சி, அணிவகுப்பு போன்றவற்றுக்கே ரோட்டில் எடுக்கலாம். தோட்டத்துக்கு மூட்டை ஏற்றுவது உங்கள் எண்ணமானால் சாதாரணப் புதுப்பித்தலே பொருந்தும். கட்டணங்கள் அண்மையில் உயர்ந்திருக்கின்றன. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டு, பசுமை வரியையும் பாக்கியையும் கூட்டிப் பார்த்த பிறகே மெக்கானிக்கை அழையுங்கள்.

கடன் வாங்கிப் பழைய ஜீப் வாங்கிச் சீர்திருத்தலாமா என்று ஒருவர் கேட்டார். வேண்டாம் என்றுதான் சொன்னேன். சிறு விவசாயிக்கு அது கட்டுப்படியாகாது. வீட்டிலேயே நிற்கும் வண்டி என்றால் கணக்கு வேறு. பிரேக், பிறகு எஞ்சின், பிறகு சட்டம் என்று ஒவ்வோர் அறுவடைக்கும் ஒரு வேலையாகச் செய்து கொள்ளலாம். பெயிண்ட் கடைசியில்தான். பலர் பெயிண்டில் ஆரம்பித்து அதோடு நிறுத்திவிடுகிறார்கள்.

எங்கள் வண்டிக்கு இன்னும் பெயிண்ட் அடிக்கவில்லை. முறிந்த மூன்று ஸ்டட்டுகளுக்குப் பதிலாகக் குழு அன்பர் ஒருவர் தம் வீட்டில் கிடந்த இடம்புரி ஸ்டட்டுகளைக் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். பதிலுக்கு அவர் தோட்டத்து மிளகுக் கொடி வாடலை ஒரு நாள் போய்ப் பார்த்துக் கொடுத்தேன். அடுத்த மாதம் புதுப்பித்தலுக்கு வண்டியைக் கொண்டு போக வேண்டும். அண்ணன் இப்போது இடத்தைப் பற்றிப் பேசுவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவரும் கூட வருகிறார்.