அம்மா வீட்டுச் செராய்

அப்பா போன பிறகு கிள்ளான் வீட்டை விற்றுவிட்டு, அம்மாவை பிரிக்பீல்ட்ஸில் உள்ள என் அடுக்குமாடி வீட்டுக்கே அழைத்துக்கொண்டேன். கிளம்பும்போது அம்மா கேட்டது ஒன்றுதான்: "பின்பக்கத்துச் செராயை என்னம்மா செய்யறது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. கீழே கடையில் கட்டுக் கட்டாகக் கிடைக்கும் செராய்க்கா கவலை? "அது பாட்டி தோட்டத்து வீட்டில இருந்து கொண்டு வந்தது" என்றார்.

பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். நாம் சமைக்கும் செராய், அதாவது எலுமிச்சைப் புல், பூப்பதே அபூர்வம். தூரைப் பிரித்துத்தான் நடுகிறார்கள். ஒவ்வொரு தூரும் முந்தைய தூரின் ஒரு துண்டு. அப்படியென்றால், பாட்டி நட்ட அதே செடிதான் அம்மாவிடம் இருந்தது.

கொமுட்டர் ரயிலில் நான்கு தண்டுகளைக் கொண்டுவந்து தொட்டியில் நட்டேன். ஆசையாகக் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். அடித்தட்டில் தண்ணீர் தேங்கி, மூன்றாவது வாரம் நான்கும் அழுகிவிட்டன. அதற்குள் கிள்ளான் வீட்டின் பின்பக்கத்தில் புது வீட்டுக்காரர் சிமெண்டு போட்டுவிட்டார். தினமும் வானொலியில் மணிக்கணக்கில் பேசும் எனக்கு, அம்மாவிடம் இதைச் சொல்ல வாய் வரவில்லை.

அம்மா திட்டவில்லை. கிள்ளானில் பக்கத்து வீட்டு மாக்சிக்கைத் தொலைபேசியில் அழைத்தார். பல வருடங்களுக்கு முன் அம்மா கொடுத்த இரண்டு தண்டு அங்கே பெரிய புதராகி நின்றது. ஒரு தூரோடு, அதே செராய் போட்ட கோழி ரெண்டாங்கும் வந்து சேர்ந்தது!

இம்முறை அம்மா சொன்னபடி நட்டேன். நல்ல வெயில், அடியில் ஓட்டையுள்ள பெரிய தொட்டி, மேல்மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர். கடையில் வாங்கி நடுபவர்கள் அடிப்பாகம் வெட்டப்படாத தண்டாகப் பார்த்து வாங்குங்கள். ஒரு குவளையில் இரண்டு அங்குலத் தண்ணீரில் நிறுத்தி, தண்ணீரை அடிக்கடி மாற்றினால், ஓரிரு வாரத்தில் வேர் விடும். தண்டு சிவந்திருக்கும் செராய் வாங்கி கொசு விரட்டத்தான், கறிக்கு வேண்டாம்.

சமைக்க, வெளித்தோலை உரித்து வெளிறிய அடிப்பாகத்தை நசுக்கிப் போடுங்கள். எலுமிச்சைத் தோலில் இருக்கும் சிட்ரால்தான் இதற்கும் மணம் தருகிறது. நசுக்கினால்தான் அது வெளியே வரும். இலையை முடிச்சுப் போட்டுத் தேநீரில் கொதிக்கவிடலாம்.

இப்போது எங்கள் தொட்டி நிறைந்துவிட்டது. போன வாரம் அம்மா இரண்டு தண்டைப் பிடுங்கி எதிர்வீட்டில் கொடுத்தார். "எதுக்கும் இருக்கட்டும்" என்றார்.