உங்களுக்குத் தெரியுமா? போர்பன், ரை: சுவை பார்க்கும் முறை

அமெரிக்கச் சட்டப்படி போர்பன் விஸ்கியின் தானியக் கலவையில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும். ரை விஸ்கியில் அதே அளவு ரை தானியம். இரண்டையும் உட்புறம் தீயில் கருக்கிய புதிய ஓக் பீப்பாயில்தான் ஊறவைக்க வேண்டும். போர்பனில் வேறு நிறமோ மணமோ சேர்க்கக் கூடாது. அதன் வெனிலா வாசனை, மரத்திலுள்ள லிக்னின் சூட்டில் சிதைந்து வருவது.

மதிப்பீட்டில் மூக்குக்கே முதல் வேலை. வாய் குறுகிய கண்ணாடிக் கோப்பையில் சிறிதளவு ஊற்றி, உதடுகளைச் சற்றே திறந்தபடி முகர்வார்கள். இல்லையேல் ஆல்கஹால் நெடி மூக்கை மரத்துப்போகச் செய்துவிடும். ஒரு மிடறை நாக்கில் பரவவிட்டு, பிறகு சில துளி தண்ணீர் சேர்த்து மீண்டும் முகர்வார்கள். நெடி தணிந்து, அடங்கிக் கிடந்த மணங்கள் மேலெழும். போர்பனில் கருகிய சர்க்கரையின் இனிப்பு தூக்கல். ரையில் மிளகு, கிராம்பின் காரம். சுவை எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதும் கணக்கில் சேரும். பல ரகங்களைச் சோதிப்பவர்கள் விழுங்காமல் துப்பிவிடுவார்கள்.

போர்பனுக்கும் ரைக்கும் இந்தியத் தொடர்பும் உண்டு. 2004-ல் கிளாஸ்கோவில் தன் சிங்கிள் மால்ட் விஸ்கியை அறிமுகம் செய்த பெங்களூரு அம்ருத் நிறுவனம், பழைய போர்பன் பீப்பாய்களைப் பயன்படுத்துகிறது; முளைகட்டிய ரையிலும் ஒரு விஸ்கி வடித்திருக்கிறது. பெங்களூரு வெப்பத்தில் பீப்பாயிலுள்ள விஸ்கி ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஆவியாகும். ஸ்காட்லாந்தில் சுமார் 2 சதவீதமே. அந்த வெப்பத்தால் பக்குவமும் சீக்கிரம் வந்துவிடுகிறது.

ஆனால் தமிழகமெங்கும் டாஸ்மாக்கில் ‘விஸ்கி’ என விற்கும் மலிவு ரகங்கள் பெரும்பாலும் கரும்பாலைக் கழிவுப்பாகில் வடித்த எரிசாராயத்தை அடிப்படையாகக் கொண்டவை. தானியத்தில் வடிக்காததை ஐரோப்பிய ஒன்றியம் விஸ்கி என்று ஏற்பதில்லை.