விதைப்புப் பரப்புக் கணக்கும் உளுந்து விலையும்

தை பிறந்ததும் கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம் வட்டாரக் கரிசல் கிராமங்களில் களம் நிறைய உளுந்து கிடக்கும். அந்தச் சமயம் பார்த்து, ‘இவ்வாண்டு நாட்டில் உளுந்து பரப்பு குறைவு’ என்று செய்தித்தாளில் ஒரு செய்தி வெளியாகிறது. படித்த ஒருவர், ‘அப்படியானால் விலை ஏறும், பொறுத்திருப்போம்’ என்று மூட்டைகளை வீட்டில் அடுக்குகிறார். அதே செய்தியைப் படித்த பக்கத்து வீட்டுக்காரர், ‘பரப்பு குறைந்தால் கப்பல் வந்துவிடும்’ என்று அன்றைக்கே எடை போட்டுவிடுகிறார். இருவரில் ஒருவருக்கு நட்டம் உறுதி. அது யார் என்பதை அந்த ஒரு செய்தியை மட்டும் வைத்துச் சொல்ல இயலாது.

பரப்புக் கணக்கு எவ்வாறு உருவாகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்வது நல்லது. ஜூலை முதல் நாள் தொடங்கும் பசலி ஆண்டில், எந்தப் புல எண்ணில் என்ன பயிர் நிற்கிறது என்பதைக் கிராம நிர்வாக அலுவலர் அடங்கலில் பதிவு செய்கிறார். பொருளியல் மற்றும் புள்ளியியல் துறை அவற்றைத் தொகுக்கிறது. 2024-ஆம் ஆண்டில் இப்பதிவு கைப்பேசி வழி நடைபெற்றபோது, வேளாண் கல்லூரி மாணவர்களும் வயல் வயலாகச் சென்று வந்தனர். பருத்திக்குள் உளுந்தும், சோளத்துக்குள் பாசிப்பயறும் கலந்து விதைக்கும் நம் பக்கத்தில், ஒரு புலத்தில் உளுந்து எத்தனை சென்ட் என்று பிரித்து எழுதுவது எளிதான வேலையன்று. ஆகவே முதலில் வரும் கணக்கு பின்னால் திருத்தப்படும். மத்திய அரசு முன்மதிப்பீடுகளை ஒன்றுக்கு மேல் வெளியிடுவதும் இதனால்தான். திருத்தம் வந்தால் உடனே ‘பொய்க்கணக்கு’ என்று சிலர் சொல்வது முறையன்று.

பரப்பு என்பது உற்பத்தியில் பாதிக் கணக்குதான். மீதிப் பாதி விளைச்சல். அதை அறியப் பயிர் அறுவடைச் சோதனை செய்யப்படுகிறது. குலுக்கல் முறையில் தேர்ந்த வயலில், 5 மீட்டருக்கு 5 மீட்டர் அளந்து, அறுத்து, அடித்து, காய வைத்து நிறுக்கிறார்கள். இதை நீங்களே செய்து பார்க்கலாம். அந்தச் சதுரத்தில் காய்ந்த உளுந்து 1 கிலோ கிடைத்தால் ஏக்கருக்குச் சுமார் 160 கிலோ. 2 கிலோ என்றால் 320 கிலோ. ஒரே நிபந்தனை, செழித்த இடமாகப் பார்த்து அளக்கக் கூடாது.

இந்த மாதிரி எடுக்கும் வேலை நம் கடற்கரைக்குப் புதிதன்று. தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பை அறிவிக்குமுன், முத்துப்பார்களைச் சோதித்து, கொஞ்சம் சிப்பிகளை எடுத்து, முத்துகளை மதிப்பிட்ட பிறகே நாள் குறிப்பார்கள். பாரில் இளஞ்சிப்பி கோடிக்கணக்கில் தெரிந்தும், முற்றுவதற்குள் நீரோட்டமும் மீனும் அவற்றை இல்லாமல் செய்துவிட்ட ஆண்டுகள் பல. எதிரே இலங்கைக் கரையில் 1905-இல் மிகப் பெரிய முத்துக்குளிப்பு நடந்தது. அந்தச் செழிப்பைக் கண்டு 1906-இல் ஒரு கம்பெனி 20 ஆண்டுக்குக் குத்தகை எடுத்தது. 1907-க்குப் பிறகு அங்கு நெடுங்காலம் குளிக்கச் சிப்பி இல்லை, கம்பெனியும் கலைந்தது. போன வருட விலையைப் பார்த்து இந்த வருடம் ஏக்கர் ஏக்கராக விதைப்பதும் இதே வகையைச் சேர்ந்ததுதான்.

பாரில் நிகழ்ந்தது வயலிலும் நிகழும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. அந்த வெள்ளத்தில் நம் மாவட்டத்தில் நெல், வாழையுடன் மானாவாரிப் பயிர்களும் பாழாயின. விதைத்த பரப்பு விதைத்த பரப்புதான். களத்துக்கு வந்ததுதான் வேறு. ஆனால் நம் பக்கம் பயிர் போனதால் மட்டும் இந்திய விலை ஏறிவிடாது. மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம், ஆந்திரம் ஆகியவற்றின் விளைச்சலும், ஆலைகளின் கையிருப்பும், துறைமுகத்துக்கு வரும் சரக்கும் சேர்ந்துதான் விலையை அமைக்கின்றன.

கப்பல் கணக்கு

உளுந்தைப் பொறுத்தவரை நமக்கு முக்கியமான வெளிநாடு மியான்மர். 2021 ஜூனில் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டன் உளுந்து அங்கிருந்து இறக்குமதி செய்ய வழி செய்யப்பட்டது. அதற்கென அனுமதிக்கப்பட்ட துறைமுகங்களுள் தூத்துக்குடியும் ஒன்று. அதாவது உங்கள் களத்துக்கும் போட்டிச் சரக்கு இறங்கும் இடத்துக்கும் இரண்டு மணி நேரப் பயணம்தான்!

மாதங்களைக் கவனியுங்கள். நாம் புரட்டாசி, ஐப்பசியில் விதைத்துத் தையில் அறுக்கிறோம். வட இந்திய காரிப் பருவ உளுந்து அதற்கு முன்பே சந்தைக்கு வந்திருக்கும். மியான்மர் அறுவடை பிப்ரவரி, மார்ச்சில். ஆந்திராவிலும் காவிரிப் படுகையிலும் நெல் தரிசு உளுந்து அதையொட்டி வரும். எனவே தையில் அறுத்த சரக்கை மாசி, பங்குனி வரை வைத்திருப்பவர், புதுச் சரக்கு வரத்துக்கு நேர் எதிரே போய் நிற்கிறார். மியான்மர் பயிர் கெட்டிருந்தாலோ கப்பல் தாமதித்தாலோ அவருக்கு ஆதாயம். இல்லையேல் இல்லை.

வியாபாரிகள் மியான்மர் விலையை டன்னுக்கு இத்தனை டாலர் என்று பேசுவார்கள். அதை நம் கணக்குக்கு மாற்றுவது எளிது. உதாரணமாக டன் 800 டாலர், டாலர் 85 ரூபாய் என்று கொண்டால், குவிண்டால் 6,800 ரூபாய். அதன்மேல் துறைமுகச் செலவும் லாரி வாடகையும். டாலர் ஒரு ரூபாய் ஏறினால் குவிண்டாலுக்கு 80 ரூபாய் ஏறும். இதற்கு மிக உயர்ந்து உள்ளூர் விலை நெடுநாள் நிற்காது.

அரசின் ஆணை இதையும் புரட்டிவிடும். 2015-இல் பருப்பு விலை உச்சத்துக்குப் போனதும் நாடெங்கும் விதைப்பு பெருகியது. 2015-16-இல் சுமார் 163 லட்சம் டன்னாக இருந்த மொத்தப் பயறு உற்பத்தி, மறு ஆண்டில் 231 லட்சம் டன்னானது. அதே 2016-17-இல் 66 லட்சம் டன் இறக்குமதியும் வந்து சேர்ந்தது. விலை ஆதார விலைக்குக் கீழே விழுந்தது. பிறகு, 2017 ஆகஸ்டில்தான் உளுந்து இறக்குமதிக்கு அளவு விதிக்கப்பட்டது. 2021 மே மாதம் அக்கட்டுப்பாடு நீக்கப்பட்டு, அந்தச் சலுகை பலமுறை நீட்டிக்கப்பட்டது. ஆதலால் பரப்புச் செய்தியைப் படிக்கும்போது இறக்குமதிச் செய்தியையும் தேடிப் படியுங்கள்.

வைத்திருக்கும் செலவு

நகைக் கடனுக்கு மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி கட்டும் சம்சாரி, 7,000 ரூபாய் பெறும் குவிண்டாலை மூன்று மாதம் வைத்தால் வட்டி 210 ரூபாய். காய்ச்சலிலும் வண்டிலும் 2 கிலோ குறைந்தால் 140. சாக்கு, கூலி 50. ஆக, 7,400 கிடைத்தால்தான் இன்றைய 7,000-க்குச் சமம். பயறு வண்டு வயலிலிருந்தே முட்டையாக வருவதால், ஈரப்பதம் 10 சதவீதத்துக்கு மேற்படாமல் காய வைக்காத சரக்கை வைத்திருக்கவே வேண்டாம்.

என் எண்ணம், கடன் உள்ளவர் பாதியை அறுவடையிலேயே விற்றுவிடலாம். மீதியை ஒழுங்குமுறை விற்பனைக்கூடக் கிடங்கில் வைத்துப் பொருளீட்டுக் கடன் கேட்கலாம். 2025-26 பருவத்துக்கு உளுந்தின் குறைந்தபட்ச ஆதார விலை குவிண்டாலுக்கு 7,800 ரூபாய். சந்தை அதற்குக் கீழே இருந்தால், கொள்முதல் நடைபெறுகிறதா என்று வேளாண் விற்பனைத் துறை அலுவலரிடம் விசாரியுங்கள். அடங்கல் நகல் அப்போது தேவைப்படும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சந்தைத் தகவல் மையம் விதைப்புக்கு முன்பும் அறுவடைக்கு முன்பும் விலை முன்னறிவிப்பு வெளியிடுகிறது. அதில் ஒரே விலை இராது. இத்தனையிலிருந்து இத்தனை வரை என்று இருக்கும். கீழ் விலையில் விற்றாலும் விதை, உரம், களைக்கூலி திரும்புமா என்று போட்டுப் பார்த்துவிட்டு, ஆவணியிலேயே எத்தனை ஏக்கர் உளுந்து, எத்தனை ஏக்கர் மக்காச்சோளம் என்று முடிவு செய்யுங்கள்.