பாலைவனத்து வண்டியும் நுவரெலியா இறக்கமும்

மோட்டார்ஹோம் என்பது வேனின் அடிச்சட்டத்தில் கட்டிய ஒரு சிறு வீடு. கட்டில், கேஸ் அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, கழிவறை, தண்ணீர்த் தாங்கி எல்லாம் உள்ளேயே இருக்கும். அமெரிக்காவின் நெவாடாவிலும் அவுஸ்திரேலியாவின் நடுப்பாலையிலும் அடுத்த ஊர் வரச் சில மணி நேரம் ஆகலாம். அங்கே இந்த வண்டிக்கு ஈடு கிடையாது. வீதி நேராக ஓடும். சாரதியின் கவலை ரேடியேட்டரும் குடிதண்ணீரும்தான்.

அதே வகை வண்டிகள் இப்போது நம் மலையகத்துக்கும் ஏறுகின்றன. கேம்பர் வேனை வாடகைக்கு எடுத்துக்கொண்டு ஹற்றன், தலவாக்கலை வழியாக நுவரெலியா வருகிறவர்கள் இருக்கிறார்கள். கேரள அரசு 2021இல் கேரவன் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்தது; மறு ஆண்டே தேயிலை சூழ்ந்த வாகமண்ணில் வண்டிகள் தங்குவதற்கு ஓர் இடமும் திறக்கப்பட்டது. ஆகவே மலைப்பாதையும் இந்த வண்டியும் இனிப் பிரியப்போவதில்லை. பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது.

ஏற்றத்தை நினைத்துப் பலர் பயப்படுகிறார்கள். வீண் பயம். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். டர்போ இல்லாத பழைய எஞ்சின் அதற்கேற்ப இளைக்கும். வேகம் குறையும், அவ்வளவுதான். ஏற முடியாத வண்டி நின்றுவிடும். இறங்கும் வண்டி அப்படி நிற்காது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐரோப்பாவில் சாதாரண கார் அனுமதிப்பத்திரத்தோடு ஓட்டக்கூடிய மோட்டார்ஹோமின் எடை வரம்பு 3,500 கிலோ. அத்தனை எடையுள்ள வண்டி நுவரெலியாவிலிருந்து றம்பொடை, புசல்லாவை வழியாகக் கம்பளைக்கு இறங்கும்போது ஏறத்தாழ 1,400 மீற்றர் கீழே வருகிறது. அந்த இறக்கத்தில் வெளிப்படும் சக்தியைக் கொண்டு 140 லீட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்கலாம். காற்றும் டயர்களும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மீதியை யார் வாங்கிக்கொள்வது? காலைப் பிரேக்கிலேயே வைத்திருந்தால் அந்தச் சூடு முழுவதும் சில்லுகளுக்குள் இருக்கும் டிஸ்க்கிலும் பேடிலும்தான் இறங்கும்.

சூடேறிய பேடின் பிடி முதலில் குறையும். கருகிய நெடி வரும்; சில வேளை முன்சில்லுக்குள்ளிருந்து மெல்லிய புகையும் கிளம்பும். அதன் பிறகு நடப்பதுதான் ஆபத்து. பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டொட் 4 வகை ஒயில் புதிதாக இருக்கும்போது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக்கூடாது என்பது தரவிதி. ஈரம் ஏறிய ஒயிலுக்கோ அந்த வரம்பு 155 பாகைதான். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ்கள் உண்டாகும். திரவத்தை அழுத்தினால் சுருங்காது, ஆவி சுருங்கும். மிதித்த பெடல் பஞ்சு மாதிரி அமுங்கி அடிவரை போகும். வண்டி பாட்டுக்கு ஓடும்.

இதற்கு மருந்து கியரில் இருக்கிறது. "ஏறிய கியரிலேயே இறங்கு" என்று மலைநாட்டுச் சாரதிகள் சொல்வது வெறும் பழக்கம் அல்ல. தாழ்ந்த கியரில் சில்லுகள் எஞ்சினைச் சுழற்றவேண்டியிருக்கிறது. அந்த வேலையிலேயே வண்டியின் வேகம் கரைகிறது. அந்தச் சூட்டைப் பேட் தாங்கவேண்டியதில்லை, எஞ்சினும் அதன் புகைக்குழாயும் வெளியே தள்ளிவிடும். பெற்றோல் எஞ்சினை விட டீசல் எஞ்சினுக்கு இந்தப் பிடி குறைவு, காற்று வரும் வழியை அடைக்கும் கதவு அதில் பொதுவாகக் கிடையாது. அதனால்தான் பஸ்ஸிலும் லொறியிலும் புகைக்குழாயை மறித்துப் பிடிக்கும் எக்ஸோஸ்ட் பிரேக் வைக்கிறார்கள். லீக்ஸும் கரட்டும் ஏற்றிய லொறி றம்பொடை முடக்குகளில் உறுமிக்கொண்டே இறங்குவதைப் பாருங்கள்: பிரேக் விளக்கு விட்டு விட்டுத்தான் எரியும். வாடகை வேனில் எக்ஸோஸ்ட் பிரேக்கை எதிர்பார்க்க முடியாது. ஓட்டோமேட்டிக் வண்டியாக இருந்தால் தாழ்ந்த கியரை நாமே தேர்ந்து பூட்டவேண்டும்.

டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு இறக்குகிறவர்களுக்கு ஒரு செய்தி. இன்றைய எஞ்சின்கள் கியரில் இறங்கும்போது எரிபொருளை அடியோடு நிறுத்திவிடுகின்றன. நியூட்ரலில்தான் எஞ்சினை ஓடவைக்க டீசல் செலவாகும். எஞ்சினையே நிறுத்திவிட்டால் இன்னும் மோசம்: பிரேக்குக்குத் துணைசெய்யும் வெற்றிட விசை இரண்டு மூன்று மிதியில் தீர்ந்துவிடும்.

இந்த வண்டியைத் தேயிலைத் தோட்டத்தில் நிறுத்துவதும் ஒரு வேலைதான். கேஸில் ஓடும் குளிர்சாதனப் பெட்டிக்குச் சமதரை வேண்டும். அதன் திரவம் புவியீர்ப்பில் வழிந்தே சுற்றுவதால், வண்டி அதிகம் சரிந்து நின்றால் குளிர் பிடிக்காது. சரிவெல்லாம் தேயிலையாக இருக்கும் இடத்தில் சமதரை என்றால் தொழிற்சாலை முற்றமும் விளையாட்டு மைதானமும்தான். இரண்டுக்கும் அனுமதி கேட்கவேண்டும்.

2023 ஜனவரியில் நானுஓயா ரதெல்ல குறுக்கு வீதியின் இறக்கத்தில் ஒரு பஸ் வேனோடும் முச்சக்கரவண்டியோடும் மோதியதில் ஏழு பேர் இறந்தார்கள். இந்த இறக்கங்கள் எப்படிப்பட்டவை என்பதற்கு அதற்கு மேல் சான்று வேண்டாம். கேம்பர் வேன் எடுப்பவர்கள் கட்டிலையும் அடுப்பையும் பிறகு பார்க்கட்டும். பிரேக் ஒயில் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று முதலில் கேளுங்கள். இரண்டு வருடத்துக்கு மேல் என்றால், அல்லது பதிலே வராவிட்டால், வேறு வண்டி பாருங்கள்.