மதிலைத் தாண்டிய தூசி

கல்நார் என்ற பெயரே அதன் இயல்பைச் சொல்லிவிடுகிறது. கல்லிலிருந்து கிடைக்கும் நார் அது; நெருப்பில் எரியாது, எளிதில் மக்காது. அதனைச் சிமெண்டுடன் கலந்து செய்த தகட்டைத்தான் ஆஸ்பெஸ்டாஸ் கூரை என்கிறோம். அதன் தூசி ஆலைக்குள் உழைப்பவரை மட்டுமே வருத்தும் என்று நானும் ஒரு காலத்தில் எண்ணியிருந்தேன். அவ்வெண்ணத்தை மாற்றியது இத்தாலி நாட்டு ஊர் ஒன்றின் வரலாறு.

போ ஆற்றங்கரையிலுள்ள அவ்வூரின் பெயர் கசாலே மொன்ஃபெர்ராட்டோ. அங்கே 1907இல் தொடங்கிய கல்நார்ச் சிமெண்டு ஆலை 1986 வரை இயங்கிற்று. தொழிலாளி வீடு திரும்புகையில் அவனது உடையோடு தூசியும் வந்தது. மனைவி அவ்வுடையை உதறித் துவைத்தாள். குழாய்களைக் கடைந்தபின் எஞ்சிய தூளை ஊரார் கொண்டுவந்து முற்றத்தில் பரப்பினர். குழந்தைகள் அம்முற்றத்தில் விளையாடினர்.

கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிழைகள் மூச்சுடன் நுரையீரலின் ஆழத்தை அடைகின்றன. உடலால் அவற்றைக் கரைக்கவும் இயலாது. முற்றிலும் வெளியேற்றவும் இயலாது. நுரையீரலைப் போர்த்திய மெல்லிய சவ்வில் அவை மீசோதீலியோமா என்னும் புற்றுநோயை விளைவிக்கக் கூடும். 1960இல் தென்னாப்பிரிக்காவில் வாக்னர் முதலிய மருத்துவர்கள் இந்நோயுற்ற 33 பேரைப் பற்றி எழுதினர். சுரங்கத்தில் ஒருநாளும் வேலை செய்யாமல், இளமையில் அதன் அருகே வாழ்ந்தவர்களும் அவர்களுள் இருந்தனர்.

தூசியைச் சுவாசித்தவர் அனைவருக்கும் இந்நோய் வருவதில்லை. ஆயினும் இன்ன அளவுவரை தீங்கில்லை என்று வரையறுக்கவும் முடியவில்லை. நோய் வெளிப்பட 20 முதல் 50 ஆண்டுகள் வரை ஆகலாம். ஆகவேதான் ஆலை மூடப்பட்ட பின்னும், 1992இல் இத்தாலி கல்நாரைத் தடை செய்த பின்னும், கசாலேயில் சாவு நிற்கவில்லை. ஆலையின் வாயிலை மிதித்தறியாதவர்களும் மாண்டனர்.

நேயர்களே, நம் நாட்டில் இக்கூரைத் தகடு இன்றும் புழக்கத்தில் உள்ளது. நல்ல நிலையில், அசையாமல் இருக்கும் தகட்டைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அதை அறுத்தாலும், துளைத்தாலும், உடைத்தாலும்தான் இழைகள் கிளம்பும். பழைய தகட்டை நொறுக்கிப் பள்ளம் நிரப்பாதீர்கள். அதன் தூளை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காதீர்கள். இறக்கியே ஆகவேண்டுமெனில், நீரால் நனைத்து, உடையாமல் முழுதாக இறக்கச் சொல்லுங்கள். அவ்வேளையில் குழந்தைகளைத் தொலைவில் வையுங்கள். நாம் இன்று கிளப்பும் தூசியின் பயனை அவர்கள் தம் நடுவயதில் அனுபவிக்க நேரலாம்.