சிங்கப்பூரில் ஒரு சீக்கிய ஞானி

சிங்கப்பூரில் சைனாடவுனை அடுத்த பேர்ள்ஸ் ஹில் குன்றின் அருகே, அவுட்ராம் சாலையில், முன்னாளில் ஒரு சிறைச்சாலை இருந்தது. அச்சிறையில் உயிர்நீத்த ஞானி ஒருவரைச் சீக்கியர் மட்டுமன்றிப் பிற சமயத்தவரும் போற்றி வந்துள்ளனர். அவரே பாய் மகாராஜ் சிங்.

பஞ்சாபில், லூதியானா வட்டாரத்தின் ரப்போன் சிற்றூரில் பிறந்த இவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் நிகால் சிங். நௌரங்காபாத்தில் பாய் பீர் சிங் என்ற பெரியாரின் சீடராக விளங்கிய இவர், 1844இல் குரு மறைந்தபின் அம்மடத்தின் தலைமையை ஏற்றார்.

1849இல் ஆங்கிலேயர் பஞ்சாபைக் கைப்பற்றினர். அதனை ஏற்க மறுத்து மக்களைத் திரட்டிய இவரை அவ்வாண்டு டிசம்பர் 28ஆம் நாள் சிறைபிடித்தனர். மக்களின் எழுச்சிக்கு அஞ்சிய அரசாங்கம், வழக்கு நடத்தாமலேயே நாடு கடத்தியது. 1850 ஜூலையில் சீடர் கரக் சிங்குடன் இவர் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். சிறையறையின் அளவு 14 அடிக்கு 15 அடி. சில ஆண்டுகளிலேயே பார்வை மங்கியது. நாவில் புற்றுநோயும் கண்டது. 1856 ஜூலை 5ஆம் நாள் காலமானார்.

அரசாங்கம் இவருக்கு நினைவுச் சின்னம் எதனையும் எழுப்பவில்லை. எளிய மக்களே ஒரு கல்லருகே மலர் வைத்து வணங்கினர். அவர்கள் வழங்கிய பெயர் பாபா கர்னிவாலா. பொது மருத்துவமனை வளாகத்தில் இருந்த அந்நினைவிடம், 1966இல் சிலாட் சாலைக் குருத்துவாராவுக்கு மாற்றப்பட்டது. சீக்கியப் போலீசாரின் முயற்சியால் 1924இல் எழுந்தது அக்குருத்துவாரா. சிங்கப்பூர் அரசு அதனை 1999இல் வரலாற்றுத் தலமாக அறிவித்தது.

அங்குச் செல்ல விரும்புவோர் காலணிகளைக் கழற்றி, தலையைத் துணியால் மூடிக்கொண்டு உள்ளே செல்ல வேண்டும். 'லங்கர்' எனும் பொதுப் பந்தியில் சாதி, சமய வேறுபாடின்றி யாவரும் உணவருந்தலாம்.

நம் தோட்டங்களிலும் மரத்தடிக் கோயில்களும் முன்னோர் நட்ட கற்களும் உள்ளன. நிலம் கைமாறினால் அவை இடம்பெயர நேரலாம். இடம் மாறினாலும் நினைவு அழியாது என்பதற்குச் சிலாட் சாலை சான்று. ஆயின், அங்கு அந்த ஞானியின் பெயரும் வரலாறும் தேடி எழுதப்பட்டன என்பதை நாம் மறத்தலாகாது. நம் கோயில்களை எழுப்பியவர் யாவர், எந்த ஆண்டில் எழுப்பினர் என்பதைத் தோட்டத்துப் பெரியோரிடம் இன்றே கேட்டு எழுதி வைப்போமாக!