இரண்டு மாதத்துக்கு எத்தனை ஆண்டு விலை?

1987 ஆகஸ்ட் 12. அமெரிக்காவின் டெட்ராய்ட் டைகர்ஸ் பேஸ்பால் அணி, தன்னிடமிருந்த இளம் பந்து வீச்சாளர் ஒருவரை அட்லாண்டா பிரேவ்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டது. அவருக்கு வயது 20. டைகர்ஸ் அணி இருக்கும் மிச்சிகன் மாநிலத்திலேயே, அந்த அணியின் ரசிகராக வளர்ந்தவர். அந்த ஆண்டு கீழ்நிலை லீக்கில் 4 வெற்றி, 10 தோல்வி என்று தடுமாறிக்கொண்டிருந்தார். அவருக்குப் பதிலாக டைகர்சுக்குக் கிடைத்தவர் டாயில் அலெக்சாண்டர், வயது 36.

அலெக்சாண்டர் வந்ததும் அசத்தினார். பருவம் முடியும்வரை 9 வெற்றி, ஒரு தோல்விகூட இல்லை. கடைசி வாரயிறுதியில் டொரோண்டோவை வென்ற டைகர்ஸ், இரண்டே ஆட்ட வித்தியாசத்தில் தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. ஆனால் அடுத்த சுற்றில் மின்னசோட்டாவிடம் தோற்றது. அலெக்சாண்டர் வீசத் தொடங்கிய இரண்டு ஆட்டங்களும் தோல்வி.

கைவிட்டுப்போன அந்த 20 வயது இளைஞரின் பெயர் ஜான் ஸ்மோல்ட்ஸ். அட்லாண்டாவுடன் 1995ல் உலகத் தொடரை வென்றார். 1996ல் தன் லீக்கின் சிறந்த வீச்சாளர் விருதைப் பெற்றார். மொத்தம் 213 வெற்றிகளோடு ஓய்வுபெற்று, 2015ல் பேஸ்பாலின் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார். டைகர்ஸ் அணி மீண்டும் இறுதிச் சுற்றுகளுக்கு வந்ததோ 2006ல்தான்.

இந்தப் பேரம் சரியா, தவறா? பல்கலைக்கழகத்தில் நான் எடுத்த தரவுப் பகுப்பாய்வுப் பாடத்தின் துணை வகுப்பில் எங்கள் குழுவுக்குக் கொடுக்கப்பட்ட கேள்வி இது. எங்கள் ஐவரில் ஒரு தோழி மட்டும் உயர்நிலைப் பள்ளியில் சாஃப்ட்பால் விளையாடியவள். மற்ற நால்வரும் காற்பந்துப் பைத்தியங்கள். வகுப்பு முடிந்த பிறகும் விவாதம் முடியவில்லை, உணவங்காடி வரை தொடர்ந்தது.

காற்பந்து ரசிகர்களுக்கு ஒரு விளக்கம். பிரிமியர் லீக்கில் ஜனவரி மாதம் ஒரு நட்சத்திரம் வேண்டுமென்றால், காசைக் கொட்டி வாங்கலாம். அமெரிக்க பேஸ்பாலில் அப்படி மாற்றுத் தொகை கிடையாது. வீரருக்கு வீரர்தான் விலை. மொத்தம் 30 அணிகள், ஆளுக்கு 162 ஆட்டங்கள், ஏப்ரலை ஒட்டித் தொடங்கி செப்டம்பர் இறுதி வரை. ஜூலை கடைசியை ஒட்டி ஒரு கெடு. அதற்குள் பேரத்தை முடித்தாக வேண்டும். கடைசி இடத்தில் இருக்கும் அணிக்குத் தரமிறங்கும் பயமும் இல்லை. அதனால் அது தன் அனுபவசாலிகளைக் கொடுத்துவிட்டு, மூன்று ஆண்டு கழித்துப் பலன் தரக்கூடிய இளையர்களைக் கேட்கும். கிண்ணத்தை எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருக்கும் அணி, நாளையைக் கொடுத்து இன்றை வாங்கும்.

நான் முதலில் செய்தது எளிய ஒரு கணக்கு. மிகச் சிறந்த ஒரு வீரர் ஆண்டு முழுவதும் ஆடினால், சாதாரண மாற்று வீரரைக் காட்டிலும் அணிக்கு ஆறு வெற்றிகள் கூடுதலாகத் தருவார் என்று வைத்துக்கொள்வோம். உண்மையிலேயே அவர் நட்சத்திரம்தான். ஆனால் கெடு நாளன்று பருவத்தில் மிஞ்சியிருப்பது மூன்றில் ஒரு பங்கு. ஆக, அவர் தரக்கூடியது இரண்டு வெற்றிகள். இவ்வளவுதானா என்று தோழர்களுக்கு ஏமாற்றம்! பத்து ஆட்டம் முன்னணியில் இருக்கும் அணிக்கும் பத்து ஆட்டம் பின்தங்கிய அணிக்கும் அந்த இரண்டு வெற்றிகளால் பயனில்லை. கழுத்துக்குக் கழுத்து ஓடும் அணிக்கு மட்டுமே அவை பொன். டைகர்ஸ் வென்ற வித்தியாசமும் சரியாக இரண்டு என்பதைக் கவனியுங்கள்.

அதனால்தான் அந்தப் பேரம் சரி என்று நான் வாதிட்டேன். அலெக்சாண்டர் இல்லாமல் அவர்கள் முதலிடம் பிடித்திருக்கவே முடியாது. கேட்ட பொருள் கிடைத்தது, அதற்கு விலையும் கொடுத்தார்கள். ஸ்மோல்ட்ஸ் மாமேதை ஆவார் என்பது 4க்கு 10 என்ற கணக்கில் எங்கே எழுதியிருந்தது? சாஃப்ட்பால் தோழி விடவில்லை. “அப்போ பாஸ்டன் செஞ்சது?” என்று கேட்டாள்.

1990 ஆகஸ்ட் இறுதியில் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணி, லாரி ஆண்டர்சன் என்ற 37 வயது வீச்சாளருக்காக ஜெஃப் பேக்வெல் என்ற 22 வயது இளைஞரை ஹியூஸ்டனுக்கு அனுப்பியது. ஆண்டர்சன் பாஸ்டனுக்காகப் பருவத்தில் வீசியது 22 இன்னிங்ஸ் மட்டும். அதுவும் ஆட்டத்தின் பிற்பகுதியில் வந்து ஓரிரு இன்னிங்ஸ் வீசுபவர். பாஸ்டன் இறுதிச் சுற்றில் ஓக்லண்டிடம் நான்குக்குப் பூஜ்யம் என்று சுருண்டது. ஆண்டர்சன் அடுத்த ஆண்டு வேறு அணிக்குப் போய்விட்டார். பேக்வெல் ஹியூஸ்டனில் 15 பருவங்கள் ஆடி 449 ஹோம் ரன்கள் அடித்தார். அவருக்கும் புகழ் மண்டபத்தில் இடம் கிடைத்தது. இதற்கு என்னிடம் வாதமில்லை. 22 இன்னிங்சுக்கு யாராக இருந்தாலும் இந்த விலை அதிகம்.

ஆனால் இளையர்களின் மதிப்பை முன்கூட்டியே கணிப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு மில்வாக்கி அணி நல்ல சான்று. 2008 ஜூலையில் சிசி சபாத்தியா என்ற வீச்சாளரை அவர்கள் கிளீவ்லண்டிடமிருந்து பெற்றபோது, எல்லாரும் பேசியது மேட் லபோர்ட்டா என்ற இளைஞரைக் கொடுத்துவிட்டார்களே என்றுதான். லபோர்ட்டா பெரிதாகச் சோபிக்கவில்லை. பேரத்தை நிறைவு செய்யப் பிறகு சேர்க்கப்பட்ட மைக்கல் பிரான்ட்லி என்பவர்தான் பின்னாளில் நட்சத்திரமானார். சபாத்தியாவோ மில்வாக்கிக்காக 11 வெற்றி, 2 தோல்வி. 1982க்குப் பிறகு முதன்முறையாக அந்த அணி இறுதிச் சுற்றுகளில் கால்பதித்தது. முதல் சுற்றிலேயே வெளியேறியது உண்மைதான். இருந்தாலும், 26 ஆண்டுகள் காத்திருந்த ஊரில் அது வீண் செலவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

காத்திருப்பு என்றால் சிகாகோ கப்ஸ் கதையைத் தவிர்க்க முடியாது. 1908க்குப் பிறகு கிண்ணமே இல்லை. 2016 ஜூலையில் அவர்களிடம் மிகச் சிறந்த அணி இருந்தது. ஆட்டத்தை முடித்துவைக்கும் வீச்சாளர் மட்டும் போதவில்லை. நியூயார்க் யாங்கீசிடமிருந்து அரோல்டிஸ் சாப்மனை வாங்கினார்கள். விலை, 19 வயது கிளேபர் டோரசும் இன்னும் மூவரும். குடும்ப வன்முறைப் புகார் தொடர்பில் அந்த ஆண்டுத் தொடக்கத்தில் லீக் சாப்மனுக்கு 30 ஆட்டத் தடை விதித்திருந்தது. அவர்மீது வழக்கு தொடரப்படவில்லை. ஆனாலும் கப்ஸ் ரசிகர்கள் பலர் அவரைக் கைதட்டி வரவேற்கத் தயங்கினார்கள். இந்தத் தயக்கத்தை எந்த அட்டவணையில் எந்தக் கட்டத்தில் எழுதுவது? எங்கள் குழுவின் கணிப்புப் படிவத்தில் அதற்கு இடமே இல்லை.

உலகத் தொடரில் கப்ஸ் பயிற்சியாளர் ஜோ மேடன் சாப்மனைச் சக்கையாகப் பிழிந்தார். ஐந்தாவது ஆட்டத்தில் 42 பந்துகள். ஆறாவது ஆட்டத்தில் அணி 7-2 என்று முன்னணியில் இருந்தபோதும் இறக்கினார். ஏழாவது ஆட்டத்தில் களைத்துப்போன சாப்மன் பந்தில், கிளீவ்லண்டின் ராஜாய் டேவிஸ் அடித்த ஹோம் ரன் ஆட்டத்தை 6-6 என்று சமமாக்கியது. 108 ஆண்டுக் கனவு ஊசலாடியது. மழையால் சற்று நேரம் ஆட்டம் நின்று, பத்தாவது இன்னிங்சில் கப்ஸ் 8-7 என்று வென்றது. அடுத்த மாதமே சாப்மன் யாங்கீசுக்குத் திரும்பினார். டோரசும் அங்கேயே 2018லும் 2019லும் நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வானார். யாங்கீஸ் ஆளை மூன்று மாதம் வாடகைக்கு விட்டு, வீட்டையும் சம்பாதித்துக்கொண்டது எனலாம்.

என் மனத்தை மாற்ற முடியாத அளவுக்கு உறுதியாக்கியது 2021. லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணியிடம் ஏற்கெனவே நட்சத்திரங்கள் குவிந்திருந்தனர். இருந்தும் நான்கு இளையர்களைக் கொடுத்து மேக்ஸ் ஷெர்சர், ட்ரே டர்னர் இருவரையும் வாங்கியது. ஷெர்சர் 7 வெற்றி, தோல்வி இல்லை. அணி 106 ஆட்டங்களில் வென்றது.

அதே நேரத்தில் அட்லாண்டா பரிதாபமாக இருந்தது. ஜூலை 10ல் அவர்களுடைய தலைசிறந்த வீரர் ரோனால்ட் அக்குன்யா முழங்கால் தசைநார் கிழிந்து விழுந்தார். இன்னொரு முக்கிய ஆட்டக்காரரும் மே மாதத்திலிருந்து இல்லை. வெளிக்களமே காலி. ஆகஸ்ட் தொடங்கும்வரை ஒரு நாள்கூட அவர்களின் வெற்றிகள் தோல்விகளைத் தாண்டவில்லை. பருவத்தைக் கைகழுவிவிட்டு ஆட்களை விற்றிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். நிர்வாகி அலெக்ஸ் அந்தோபுலஸ் நட்சத்திரத்தைத் தேடவில்லை. ஜாக் பீடர்சன், ஆடம் டுவால், எடி ரொசாரியோ, ஹோர்ஹே சொலேர் என்று நான்கு வெளிக்கள வீரர்களை வாங்கினார். எல்லாருமே ஏதோ ஒரு விதத்தில் மலிவு. ரொசாரியோ அப்போது காயப் பட்டியலில் இருந்தார். அவருக்காகக் கொடுக்கப்பட்ட பாப்லோ சாண்டோவலைக் கிளீவ்லண்ட் உடனே விடுவித்துவிட்டது. ஏறக்குறைய சும்மா கிடைத்த மாதிரி!

88 வெற்றிகளோடு அட்லாண்டா உள்ளே நுழைந்தது. 106 வெற்றி பெற்ற டாட்ஜர்சைச் சந்தித்தது. ரொசாரியோ ஆறு ஆட்டங்களில் 14 முறை வெற்றிகரமாக அடித்து அந்தத் தொடரின் சிறந்த வீரரானார். முந்தைய சுற்றின் கடைசி ஆட்டத்தில் அவசரத்துக்கு இறக்கப்பட்டு கை சோர்ந்துபோன ஷெர்சரால், ஆறாவது ஆட்டத்தில் வீச முடியவில்லை. அடுத்து ஹியூஸ்டனை வென்று அட்லாண்டா உலகத் தொடரைக் கைப்பற்றியது. அதன் சிறந்த வீரர் சொலேர்.

இதில் அதிர்ஷ்டமும் உண்டு. ஆனால் கணக்கும் இருக்கிறது. நல்ல வீரர் நிற்கும் இடத்தில் அவரைவிடச் சிறந்தவரை வைத்தால் கூடும் வித்தியாசம் கொஞ்சம்தான். யாருமே இல்லாத இடத்தில் சுமாரான ஒருவரை நிறுத்தினாலே அதே அளவு கூடிவிடும், செலவோ பத்தில் ஒரு பங்கு. ஓட்டை எங்கே என்று முதலில் பார், பெயரைப் பிறகு பார். எங்கள் குழுவின் அறிக்கையில் இதைத்தான் எழுதினோம். தோழி மட்டும் ஓர் அடிக்குறிப்பு சேர்க்கச் சொன்னாள்: ஏழு ஆட்டத் தொடரில் ஒரு நல்ல வீச்சாளர் இரண்டு மூன்று முறை இறங்க முடியும் என்பதால், வீச்சாளருக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் விலை கொடுக்கலாம். நியாயமான குறிப்பு. சேர்த்துவிட்டோம்.

2022லிருந்து 12 அணிகள் இறுதிச் சுற்றுகளுக்குப் போகின்றன. நாமும் உள்ளே போகலாம் என்று ஜூலையில் நம்பும் அணிகள் பெருகிவிட்டதால், விற்க முன்வரும் அணிகள் குறைந்துவிட்டன. இருக்கும் இளையர்களை இன்னும் அதிகமாகக் கேட்பார்கள்.

எனக்கும் வயது இருபதுதான். அதனாலோ என்னவோ, அட்டவணையில் ‘எதிர்காலச் சொத்து’ என்று நாங்கள் எழுதிய பெயர்களைச் சாதாரணமாகக் கடந்து போக முடியவில்லை. பெரிய லீக்கில் 10 ஆண்டு ஆடி, அதில் கடைசி 5 ஆண்டுகள் ஒரே அணியில் இருந்தவருக்குத் தன்னை விற்பதைத் தடுக்கும் உரிமை உண்டு. கீழ்நிலை லீக்கில் ஆடும் 20 வயதுக்காரருக்கு அது இல்லை. தொலைபேசி வரும், மறுநாள் வேறு மாநிலம். 2022ல் கீழ்நிலை லீக் ஆட்டக்காரர்களும் வீரர்கள் சங்கத்தில் சேர்ந்தார்கள். அடுத்த ஆண்டு கையெழுத்தான ஒப்பந்தத்தால், அந்த லீக்குகளின் மேல்படியில் ஆடுபவரின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 17,500 அமெரிக்க டாலரிலிருந்து 35,800 டாலராக உயர்ந்தது. பேரத்தை மறுக்கும் உரிமை மட்டும் இன்னும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.